மோட்டாருக்குப் பொட்டு வைக்கும் இடம்

போன செவ்வாய்க்கிழமை நூலகத்தில் உறுப்பினராகச் சேரப் போனேன்.

விண்ணப்பத்தில் பெயர் எழுதினேன். தகப்பனார் பெயர் எழுதினேன். முகவரி எழுதினேன். நான்காவது கட்டம் — தொழில். 'எழுத்து' என்று போட்டுக் கொடுத்தேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"எழுத்துன்னா? பத்திர எழுத்தாம்மா?"

"இல்லை சார்."

"போஸ்டாபீஸ் வாசல்ல மனு எழுதுறாகளே, அதா?"

"அதுவும் இல்லை. விளம்பரம் எழுதுகிறேன்."

"அட, போர்டு எழுதுறதா! ஏணி மேல ஏறியா?"

என்னை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கையில் பெயிண்ட் டப்பாவோடு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் மணிக்கூண்டுப் பக்கம் ஏணியில் நிற்பது அவர் கண்ணில் ஓடிவிட்டது போலிருக்கிறது. முகத்தில் கொஞ்சம் கவலை கூடத் தெரிந்தது.

"போர்டில் பெயிண்ட் அடிக்கிறவர் வேறு சார். என்ன அடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறவள் நான்."

"அதுக்குன்னு தனியா ஒரு ஆளா?"

நல்ல கேள்வி. என் அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் — பட்டியல் போடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நான் எழுதிக் கொடுத்த ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அதற்கென்று கோடு போட்ட நோட்டு ஒன்று. யாருக்கு, என்ன, எத்தனை சொல் — மூன்று கட்டம். முதல் எண்ணைப் பிறகு சொல்கிறேன்; இரண்டாவது ஒரு காதுகுத்துப் பத்திரிகை. போன செவ்வாய்க்கிழமை வரை கடைசி எண் இருநூற்றுப் பதினான்கு.

நடுவில் என்னென்ன? சோடா ஃபாக்டரி லேபிள். பூட்டுக் கடைக்காக டூரிங் டாக்கீஸில் காட்டும் ஸ்லைடு. மூக்குப்பொடி டப்பாவின் மூடிக்கு ஆறு சொல் — ஏழாவது சொல்லுக்கு மூடியில் இடமில்லை. பிரியாணி ஓட்டல் திறப்புவிழா நோட்டீஸ். கோழித் தீவனம். தையல் மெஷின் கையேடு. எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகளுக்கு விஞ்ஞான நோட்ஸ். அட்டையில் இருப்பது ஒரு ஹெட்மாஸ்டர் பெயர். வேறொரு பத்திரிகையில் ஆண் பெயரில் ஒரு தொடர்கதை. கதாநாயகி பன்னிரண்டு வாரம் அழுதாள், எழுதிய எனக்கு ஒரு வாரம்கூட அழுகை வரவில்லை. அப்புறம், வீட்டில் ஃப்யூஸ் போனால் பெண்களே போட்டுக்கொள்வது எப்படி என்று ஒரு சின்னப் புத்தகம். அது மட்டும் என் சொந்தப் பெயரில்.

இதையெல்லாம் குமாஸ்தாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றிக்கொண்டே கேட்டார்:

"இம்புட்டு எழுதிருக்கீக. எதையாச்சும் யாராச்சும் படிக்கிறாகளாம்மா?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் சுருக்கென்றது.

இதற்குப் பதில் என்னிடம் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல ஒரு கதை சொல்ல வேண்டும். எனக்குப் பின்னால் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். உங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. சொல்கிறேன்.

நான் படித்தது எலக்ட்ரிகல் டிப்ளமா. முதல் வகுப்பு. படித்து முடித்து நான்கு இடத்துக்கு வேலைக்கு எழுதிப் போட்டேன். இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள். இரண்டு இடத்திலும் ஒரே கேள்வி — "கம்பத்துல ஏறுவியாம்மா?" ஏறுவேன் என்றேன். சிரித்தார்கள். அனுப்பி வைத்தார்கள்.

சரி, கம்பம் இல்லாவிட்டால் என்ன? திண்டுக்கல்லில் காதர் பாய் பிரஸ்ஸில் புரூஃப் பார்க்கச் சேர்ந்தேன். ஒரு நாள் மோட்டார் கடைக்காரர் ஒருவர் இங்கிலீஷில் இருந்த காகிதத்தைக் கொண்டுவந்து, "இத எவனாச்சும் தமிழ்ல எழுதிக் குடுத்தாப் போதும்" என்றார். எவனும் இல்லை. நான் எழுதிக் கொடுத்தேன். அன்று தொடங்கியதுதான் இந்தத் தொழில்.

அந்தக் கடை முதலாளி என்னை இன்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "வாங்க டிப்ளமா!" என்பார். அவர் பெயரை நானும் இங்கே எழுதவில்லை. அவரும் இந்தப் பத்தியைப் படிக்கிறவர். கணக்குச் சரியாகிவிட்டது.

ஊருக்கு ஊர் கரண்ட் வந்துகொண்டிருக்கிற காலம். கிணற்றுக்குக் கிணறு மோட்டார் இறங்குகிறது. முதலாளிக்கு நல்ல வியாபாரம். எனக்கு நல்ல வேலை. வருடத்துக்கு நாலைந்து உருப்படி அவர் ஒருவரிடமிருந்தே வரும்.

இந்த வருடம் ஆடிப் பதினெட்டு கழிந்து ஐந்தாவது நாள். புது நோட்டீஸ் ஒன்றைக் கொடுக்க அவர் கடைக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு மோட்டார் சாக்குப் படுதாவில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் புருஷன், பெண்சாதி இரண்டு பேர் நின்றார்கள். தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரர்கள். அவர் நாச்சிமுத்து, அந்த அம்மாள் செல்லாத்தாள். பெயரெல்லாம் பிறகு தெரிந்தது. முதலில் தெரிந்தது வாசனை. எரிந்த வார்னிஷ் வாசனையை மூக்கு மறக்காது. மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற கம்பிச் சுருள், காயில், எரிந்து போய்விட்டது.

"காரண்டி இருக்குதுன்னு சொன்னீங்களே. ரெண்டு மாசங்கூட ஆகுலீங்களே" என்றார் நாச்சிமுத்து.

"காரண்டி மோட்டாருக்குப்பா. நீங்க பண்ற கூத்துக்கு இல்ல" என்றார் முதலாளி. "உள்ள தண்ணி போயிருக்கு. மெக்கானிக் பாத்துட்டான். மேல பூராம் சந்தனம். காத்துப் போற ஓட்டையெல்லாம் அடைச்சுப் போயிருக்கு. என்னய்யா பண்ணுனீங்க?"

"பூச போட்டமுங்க."

"மோட்டாருக்கா?"

"ஆடிப் பதினெட்டுங்களே... தண்ணி குடுக்கற சாமிக்குத்தானுங்க பூச. எங்களுக்குத் தண்ணி குடுக்கறது இதுதானுங்களே."

இதில் யார் தப்புக் கண்டுபிடிக்க முடியும்?

மஞ்சள் தண்ணீரில் கழுவி, சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, மோட்டாரின் தலையிலேயே தேங்காயை உடைத்திருக்கிறார்கள். ஸ்விட்சைப் போட்டதும் அரை மணி நேரம் ஓடியிருக்கிறது. அப்புறம் புகை.

"மாட்டையும் வித்துப்போட்டமுங்க" என்று செல்லாத்தாள் மெல்லச் சொன்னார். "தண்ணி எறைக்கிற ரெண்டு மாட்டையும் வித்துத்தானுங்க இத வாங்குனது. சின்ன வெங்காயம் நட்டு இருவத்தஞ்சு நாளாச்சு. இன்னும் ஒரு வாரம் தண்ணி பாயலீன்னா எடுத்து அடுப்புல போட வேண்டியதுதானுங்க."

முதலாளி மேஜை டிராயரைத் திறந்தார். கையேட்டை எடுத்தார். நீல அட்டை. எனக்கு நன்றாகத் தெரிந்த அட்டை. ஆறாம் பக்கத்தைப் பிரித்துப் பேனாவால் தட்டித் தட்டிப் படித்தார்.

"'மோட்டாரின் உட்புறம் ஈரம் புகுவதால் ஏற்படும் பழுதுக்குக் காரண்டி கிடையாது.' எழுதியிருக்குல்ல? பொஸ்தகம் குடுத்தோம்ல?" அப்புறம் பேனாவை என் பக்கம் நீட்டினார். "எழுதுனவுகளே இந்தா நிக்கிறாக. வேணும்னா கேட்டுக்கங்க."

நாச்சிமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க எழுதுனதுங்களா அம்முணி? ஏனுங்க... தேங்காத் தண்ணியும் அந்த ஈரத்துல சேர்த்திங்களா?"

சேர்த்திதான். சாதாரணத் தண்ணீரைவிடத் தேங்காய்த் தண்ணீர் மோசம், உப்பு இருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பரீட்சையில் வந்த பாடம். தலையை மட்டும் ஆட்டினேன்.

"பொஸ்தகத்தப் பிரிக்குலீங்க" என்றார் அவர். "அதையுஞ் சாமி மாடத்துல வெச்சுப் பொட்டு வெச்சாச்சு. நோட்டீசுல படம் போட்டிருந்துது. செவப்பு எழுத்துல. மோட்டாரு மேல தேங்காய ஒடைக்கற மாதர. அதப் பாத்துத்தானுங்க செஞ்சோம்."

"எந்த நோட்டீசு? அப்படி நாம ஒண்ணும் போடலியே" என்றார் முதலாளி.

போட்டோம்.

எண் அறுபத்தொன்று. நோட்டைப் பார்க்காமலே தெரியும். போன வருடம் நான் எழுதிய நோட்டீஸ். சிவப்பு மையில், மாலை போட்ட மோட்டார், அதன்மேல் உடைகிற தேங்காய். கீழே என் வாசகம்: 'தேங்காய் உடையுங்கள், ஸ்விட்சைப் போடுங்கள் — மீதியை எங்கள் மோட்டார் பார்த்துக்கொள்ளும்!' எழுதிய அன்று எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? முதலாளி கைதட்டினார். நானே மனசுக்குள் தட்டிக்கொண்டேன்.

கையேடு எண் நூற்று முப்பத்தேழு. இரண்டுக்கும் இடையில் எழுபத்தைந்து உருப்படி. ஒரே மோட்டார், ஒரே முதலாளி, ஒரே பேனா. ஒரு கையால் தேங்காயை உடை என்று எழுதிவிட்டு, இன்னொரு கையால் ஈரம் பட்டால் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

துண்டு துண்டாக எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இதுதான் ஆபத்து. எழுதிக் கொடுத்ததும் அடுத்த எண்ணுக்குப் போய்விடுகிறோம். அந்தக் காகிதம் எந்தச் சுவரில் ஒட்டிக்கொண்டு, யாருக்கு என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்று திரும்பிப் பார்க்கிறோமா?

"செத்த நேரம் இருங்க. வாரேன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

காதர் பாய் பிரஸ் இரண்டு தெரு தள்ளி. அங்கே ஒரு பழக்கம் உண்டு. எது அச்சடித்தாலும் ஒரு பிரதியைச் சுவரோரக் கம்பியில் குத்தி வைத்துவிடுவார். பிறப்பு, கல்யாணம், கடை திறப்பு, கருமாதி — திண்டுக்கல்லே அந்தக் கம்பியில் தொங்கும்.

"என்னம்மா, மூச்சு வாங்குது?" என்றார் பாய்.

"பாய், போன வருஷத்து மோட்டார் நோட்டீஸ். சிவப்பு மை."

"அந்தத் தேங்கா நோட்டீசா? அருமையான பிளாக்கும்மா அது." கம்பியிலிருந்து தாள்களை உருவிக்கொண்டே கேட்டார். "இன்னொரு ஆயிரம் அடிக்கணுமா?"

"வேண்டாம் பாய். அடித்ததே அதிகம்."

விஷயத்தைச் சொன்னேன். பாய் நோட்டீசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதக் கொண்டுபோய் அவர் முன்னால வச்சா, ஒனக்கு அங்கிட்டு வேல இருக்காதும்மா."

"தெரியும் பாய்."

"தெரிஞ்சுதான் போறியா?"

"ஆமாம்."

"அப்பச் சரி. மடிக்காம எடுத்துட்டுப் போ. படம் நல்லாத் தெரியணும்" என்றார் பாய்.

திரும்பி வந்து, மேஜையின்மேல் நோட்டீசை வைத்தேன். பக்கத்தில் கையேட்டின் ஆறாம் பக்கத்தை வைத்தேன்.

"இரண்டும் நான் எழுதியது. இரண்டும் நீங்கள் அச்சடித்தது. அவர்கள் முதலாவதைப் படித்தார்கள். நீங்கள் இரண்டாவதைப் படிக்கிறீர்கள்."

முதலாளி நோட்டீசைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"படம் சும்மா அழகுக்குப் போடுறது டிப்ளமா. அதப் பாத்தெல்லாம் செய்வாகளா?"

"செய்யத்தானே போட்டோம்?"

முதலாளி பேனாவை மேஜையில் போட்டார்.

"சரி, தப்புன்னே வச்சுக்குவோம். யார் தப்பு? எழுதுனது நீங்க. அப்ப நீங்களே காயில் கட்டிக் குடுங்க!"

கடையில் இருந்த மெக்கானிக் சிரித்தான். முதலாளியும் சிரித்தார். பேச்சை முடிக்கத்தான் அப்படிச் சொன்னார்.

"கட்டுகிறேன்" என்றேன். "கம்பியும் வார்னிஷும் உங்களுடையது. வேலை என்னுடையது."

சிரிப்பு நின்றது.

"வெளையாடுறீங்களா?"

"பாலிடெக்னிக்கில் ஒரு மோட்டாருக்கு நானே காயில் கட்டியிருக்கிறேன். கம்பத்தில்தான் ஏறவிடவில்லை." ஒரு காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தேன். கை பட்டியலுக்குப் பழகியது. "ஒன்று, இந்த மோட்டார் நாலு நாளில் ஊர் போய்ச் சேர வேண்டும். இரண்டு, மிச்சமிருக்கிற தேங்காய் நோட்டீசைக் கொளுத்த வேண்டும். மூன்று, ஆயுத பூஜைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அந்த நோட்டீஸ் எத்தனை மோட்டார் கொட்டகையில் ஒட்டியிருக்கிறதோ, அத்தனையிலும் அன்றைக்குத் தேங்காய் உடையும். எத்தனை மோட்டார் இந்த வாசலுக்குத் திரும்பி வரும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். நான்கு —"

"நாலு கெடக்கட்டும்" என்றார் முதலாளி. மூன்றாவதிலேயே நின்றுவிட்டார். முகம் மாறிவிட்டது. வாசலில் நாற்பது சாக்குப் படுதாவை அவர் அப்போதே பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

செல்லாத்தாள் மட்டும் சந்தேகமாகக் கேட்டார். "ஏனுங்க, இந்த அம்முணியாலீங்களா முடியும்?"

"முடியுமான்னு எனக்குந் தெரியலம்மா" என்றார் முதலாளி. "ஆனா முடியாதுன்னு சொல்லிப் பாருங்க, அதுக்கும் ஒரு பட்டியல் போடும்."

பட்டறையில் மூன்று நாள் உட்கார்ந்தேன். எரிந்த கம்பியை வெட்டி எடுத்தோம். கம்பி உட்காருகிற பள்ளம் ஒவ்வொன்றிலும் கரியைச் சுரண்டினோம். பழைய காயிலில் எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொண்டேன் — நாற்பத்தெட்டு. ஒவ்வொன்றையும் இரண்டு முறை எண்ணினேன். மெக்கானிக் முதல் நாள் வேடிக்கை பார்த்தான். இரண்டாம் நாள் இன்சுலேஷன் பேப்பரை வெட்டிக் கொடுத்தான். "எண்ணிக்கிட்டே கட்டுறீகளேக்கா, நாங்க கை அளவுலயே கட்டிப்புடுவோம்" என்றான். மூன்றாம் நாள் அவனும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தான்.

வார்னிஷ் ஊற்றி, உள்ளே நூறு வாட் பல்புகளைத் தொங்கவிட்டுக் காயவைத்தோம். நான்காம் நாள் காலை, கரண்ட் கசிகிறதா என்று காட்டும் மெகர் கருவியை வைத்துப் பார்த்தோம். முள் போக வேண்டிய இடத்துக்குப் போய் நின்றது. விரல் நுனி எல்லாம் கம்பி கீறல். ஒரு வாரம் பேனா பிடிக்க எரிந்தது. பரவாயில்லை, அந்த வாரம் எழுதாமலிருந்தது ஊருக்கு நல்லதுதான்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் திரும்பிப் போன காலி லாரியில் மோட்டாரை ஏற்றினோம். அங்கிருந்து மாட்டு வண்டி. நானும் மெக்கானிக்கும் கூடவே போனோம்.

வெங்காயத் தோட்டம் பார்க்கும்படி இல்லை. வரப்போரம் இரண்டு பாத்தி போயேவிட்டது. நடுவில் இருந்தது தலை சாய்ந்து நின்றது. மோட்டாரை மாட்டி, இணைப்புக் கொடுத்து, நான் ஸ்விட்சில் கை வைக்கப் போனேன்.

"இருங்க அம்முணி!"

செல்லாத்தாள். கையில் தட்டு. தட்டில் சந்தனம், குங்குமம், சூடம். தேங்காய்.

மூன்று நாள் எண்ணிய நாற்பத்தெட்டும் கண்முன்னால் வந்து போனது.

"வேண்டாம்மா. மோட்டாருக்குப் பூசை வேண்டாம். அதனால்தானே எரிந்தது?"

"பூச போடாத எப்படீங்க ஓட்டறது?" என்றார் அவர். கோபமில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். "புதுசா வந்த மாட்டுக்குப் போடறமுங்க, கலப்பைக்குப் போடறமுங்க. இத்தனை தண்ணி குடுக்கறதுக்குச் சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

அடுத்த கையேட்டுக்கு நான் எழுதி வைத்திருந்த வரி பையிலேயே இருந்தது: 'மோட்டாருக்குப் பூசை செய்யக் கூடாது.' நல்ல தெளிவான வரி. அந்தத் தட்டைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது — இதை ஒருத்தரும் கேட்கப்போவதில்லை.

"அப்படீன்னா வெக்கற எடத்தச் சொல்லிப்போடுங்க" என்றார் செல்லாத்தாள். "அங்க வெச்சுக்கறோம். எங்களுக்கென்னங்க, பொட்டு வெக்கோணும். அது மேலயேதான் வெக்கோணும்னா சொன்னோம்?"

இரண்டு வருடமாக இந்த மோட்டாருக்கு எழுதுகிறேன். இந்த ஒரு வரி எனக்கு வரவில்லை.

கொட்டகைச் சுவரைப் பார்த்தேன். பலகையில் இரும்புப் பெட்டி மெயின் ஸ்விட்ச். பக்கவாட்டில் கைப்பிடி. மேலே தூக்கினால் கரண்ட். கீழே இறக்கினால் இல்லை. கைப்பிடி மேலே இருக்கும்போது அதன் பின்னால் மறைகிற இடத்தில், பலகையின்மேல் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டேன். கைப்பிடியை இறக்கினால்தான் வட்டம் முழுசாகத் தெரியும். இறக்காமல் பொட்டு வைக்க முடியாது.

கீழே 'பொட்டு வைக்கும் இடம்' என்று எழுதப் போனேன்.

"அதெதுக்குங்க எழுத்து? எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றார் செல்லாத்தாள். "வட்டத்தப் பாத்தாத் தெரியாதுங்களா?"

எழுதவில்லை.

அவர் கைப்பிடி இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். வட்டத்தில் சந்தனம் வைத்தார். நடுவில் குங்குமம். தேங்காயை வாசற்படியில் உடைத்தார் நாச்சிமுத்து. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கைப்பிடியைத் தூக்கினார். வாய்க்காலில் தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டதும் மெக்கானிக் என்னிடம், "அக்கா, கை அளவுல கட்டியிருந்தாலும் ஓடியிருக்கும்" என்றான். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

நடுப் பாத்தி பிழைத்துக்கொண்டது. வரப்போரம் பிழைக்கவில்லை. அதை நான் மறைக்கவில்லை.

திரும்பி வந்து முதலாளியிடம் தகரத்தில் ஒரு பலகை கேட்டேன். மேலே காலி வட்டம். கீழே நான்கு வரி — மெயினை இறக்கு; தேங்காயை வெளியே உடை; ஈரக் கையைத் துடை; பிறகு மெயினைத் தூக்கு. வட்டம் கைப்பிடிக்குப் பின்னால் மறையும்படி எங்கே ஆணி அடிக்க வேண்டும் என்று மெக்கானிக்குக் காட்டிக் கொடுத்தேன். அவன் கொட்டகை கொட்டகையாகச் சைக்கிளில் போய் அடித்துவிட்டு வந்தான். நான்கு வரிக்கும் நோட்டில் எண் போட்டேன்: இருநூற்று மூன்று. வட்டத்துக்கு எண் போடவில்லை. அதில்தான் எழுத்தே இல்லையே?

பாய் பயந்தபடி நடக்கவில்லை. முதலாளி எனக்கு வேலை கொடுப்பதை நிறுத்தவில்லை. ஆனால் இப்போதெல்லாம் எதை எழுதிக் கொடுத்தாலும், "இதுக்கு முன்னால இதுக்கு நேர்மாறா எதாச்சும் எழுதிருக்கீகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார். கேட்கட்டும். நானும் இப்போது அதையே கேட்டுக்கொள்கிறேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்று தொப்பம்பட்டிக்குப் பஸ் ஏறிவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மூன்று கொட்டகை பார்த்தேன். நாச்சிமுத்துவின் கொட்டகை முதலில். வட்டத்தில் பொட்டு; மோட்டாரின்மேல் ஒரு துளி ஈரம் இல்லை. கையேடு மட்டும் இன்னும் சாமி மாடத்தில். மடித்த பக்கம் வெட்டப்படாமல் அப்படியே இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். இரண்டாவது கொட்டகையிலும் அப்படியே.

மூன்றாவது கொட்டகைக்காரரை எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டோடு வந்தார். நேரே போய்க் கைப்பிடியை இறக்கினார். வட்டத்தில் பொட்டு வைத்தார். வாசலில் தேங்காயை உடைத்தார். பிறகு தகரத்தைப் பார்த்தபடி நின்ற என்னிடம் கேட்டார்:

"படிச்ச புள்ளையாட்டம் இருக்கறீங்க. அந்த வட்டத்துக்குக் கீழ நாலு வரி என்னமோ எழுதியிருக்குதுங்களே... என்னங்க அது?"

படித்துக் காட்டினேன். "அட, நாம செய்யறதத்தான் எழுதியிருக்குதா!" என்றார்.

இதுதான் நூலகக் குமாஸ்தாவிடம் நான் சொல்லாமல் வந்த பதில். மறுநாள் உறுப்பினர் அட்டை வாங்கப் போனபோது வரிசை இல்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். அட்டையில் தொழில் என்ற இடத்தில் 'எழுத்து' என்று அவர் கையாலேயே எழுதினார். "ஏணி இல்லாமன்னு சேத்துக்கிருவமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். இருக்கிற மூன்று கட்டத்தோடு நான்காவதாக ஒன்று கோடு போட்டுக்கொண்டேன்.

எண் இருநூற்றுப் பதினைந்து. யாருக்கு: மோட்டார் கொட்டகைகளுக்கு. என்ன: வட்டம் ஒன்று. எத்தனை சொல்: இல்லை. யார் படித்தது: எல்லோரும்.